மருதம்மா கார்டுக்கு விளக்கம்

ராயபுரம், திருப்பூர்
2-9-2024

ராமுத்தாய்க்கு,

மருதம்மாள் எழுதுவது. அன்புள்ள என்று மேலே போடவில்லை பார். அது மறதியில் விட்டதல்ல.

உன்னோடு வாய் திறந்து பேசுவதில்லை என்று திருமுருகன்பூண்டிக் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தவள் நான். அந்தச் சத்தியம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் போன் செய்யவில்லை. எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை, அது சாமிக்கும் தெரியும். ஐந்தாவது வரை படித்த எழுத்து, கோணல் மாணலாக இருந்தால் நிறுத்தி நிறுத்திப் படி. உன் விலாசத்தைப் பேக்கிங் சாரதாமணியிடம் வாங்கினேன். அவள் இத்தனை வருஷமும் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தாளாம். அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் வயிற்றுப் பேத்தி சண்முகப்பிரியா ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறாள். அவளும் அவள் சிநேகிதிகளும் சேர்ந்து ஒரு சீட்டு விளையாட்டுச் செய்திருக்கிறார்கள். ரம்மி இல்லை. எழுத்துச் சீட்டு. ஒருத்தி ஜட்ஜாக உட்காருவாள். அவள் ஒரு கேள்விச் சீட்டைப் படிப்பாள், அதில் ஓர் இடம் காலியாக இருக்கும். மற்றவர்கள் கையில் இருக்கும் சீட்டுகளில் பொருத்தமான ஒன்றைக் கவிழ்த்துப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஜட்ஜ் சத்தமாகப் படித்து, எது சிரிப்பு மூட்டுகிறதோ அதை ஜெயித்ததாகச் சொல்வாள். ஜெயித்தவள் கையில் ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நம் செக்கிங் மேசையில் இருக்குமே, பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அதற்கு நேராக ஒட்டுகிற சிவப்புக் காகித அம்பு, அதேதான். விளையாட்டுக்குப் பேர் 'செகண்ட்ஸ்', டேமேஜ் என்று கழித்த பனியனுக்குச் சொல்வோமே, அதுதான். சாம்பிள் பெட்டியின் மேலே 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறது. நான் பெரியவள்தானே என்று எடுத்துப் படித்தேன்.

படித்தால் எல்லாம் நம் கம்பெனிப் பேச்சு. நாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு பேசிய பேச்செல்லாம் அச்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற இவள் சிநேகிதர்களுக்கு ஒன்றும் புரியவில்லையாம். அதனால் பெட்டிக்குள் ஒரு விளக்கத் தாள் வைக்கப் போகிறாள். "அம்மாயி, நீங்கதானுங்க சொல்லோணும்" என்று வந்து நின்றாள்.

முதல் சீட்டே 'ஒன்றரை ஷிப்ட்'. இதை நான் எப்படி விளக்குவது? "ஓவர்டைம் பாக்கறவன் கண்ணு" என்றேன்.

"அம்மாயி, ஊட்டுல ஒரு ஷிப்ட்டு, இன்னொருத்தி ஊட்டுல அரை ஷிப்ட்டு பாக்கற ஆம்பளைன்னு எனக்கே தெரியும். நெசமா அப்படி யாராச்சும் இருந்தாங்களா, அதைச் சொல்லுங்க" என்கிறாள்.

ஆளுக்கா பஞ்சம்? மத்தியானம் முழுக்கச் சொன்னேன். அவள் எழுதிய கை வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

உங்கள் தெக்கத்திப் பெண்கள் கொண்டுவந்த சீட்டு ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. 'சீனிச்சேவு அண்ணன்' என்று இருக்கிறது. சீனிச்சேவு தெரியும், அண்ணன் தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன? அது உனக்குத்தான் தெரியும். எழுது.

இதற்காக மட்டும் நான் உனக்கு எழுதவில்லை. கடைசியாக ஒரு சீட்டை எடுத்துப் பிரியா என்ன கேட்டாள் தெரியுமா? "அம்மாயி, உங்க பேர்லயே ஒரு கார்டு இருக்குதுங்க. கம்பெனியில யாரு முதுகுலயாவது ஏதாச்சும் ஒட்டியிருந்தா, 'பொறவால மருதம்மா இருக்குது பாரு'ன்னு சொல்வாங்க. யாரோ பழைய ஆளு போல. உங்களுக்கு அந்தம்மாளைத் தெரியுமா?"

அவள் கையில் இருந்த சீட்டில் 'முதுகில் மருதம்மாவோடு விசேஷத்துக்குப் போவது' என்று அச்சாகியிருந்தது.

தெரியாது என்று சொல்லிவிட்டேன். அரிசி களைகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

பெட்டி தீபாவளிக்குள் அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அந்த அம்பை என் சேலையில் ஒட்டியது நீதான் என்று உன் கையால் எழுது. எழுதிவிட்டால் போதும்.

இப்படிக்கு
மருதம்மாள்


சாத்தூர்
10-9-2024

அன்புள்ள மருதக்காவுக்கு ராமுத்தாய் எழுதிக்கொண்டது.

நீங்கள் போடாவிட்டால் என்ன, நான் அன்பைப் போட்டுவிட்டேன். போஸ்ட்மேன் கவரை நீட்டினதும் ஏதோ பேங்க் காகிதம் என்று மகனிடம் கொடுத்துவிட்டேன். அவன் பிரித்துப் பார்த்துவிட்டு, "எம்மா, யாரோ ஒன்னயக் கிழிச்சு எழுதியிருக்காக" என்றான். உடனே தெரிந்துவிட்டது, நீங்கள்தான் என்று. பிடுங்கிக்கொண்டேன்.

நன்றாக இருக்கிறேன் அக்கா. முழங்கால் மட்டும் பேச்சுக் கேட்பதில்லை. மகன் கடை வைத்திருக்கிறான், மருமகள் நல்ல பிள்ளை. தம்பி தவசியும் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறான். அவனை நினைவிருக்கிறதா? நம் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நின்றானே, தொடப்பக்குச்சி போல. இப்போது தொப்பை போட்டுவிட்டான்.

சீனிச்சேவு அண்ணனைச் சொல்கிறேன். பொங்கல் லீவு முடிந்து எங்கள் பக்கத்துப் பையன்கள் பஸ் ஏறும்போது ஆளுக்கொரு சீனிச்சேவுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வருவார்கள். திருப்பூர் வந்ததும் கம்பெனியில் பிடித்த பிள்ளை ஒருத்தியிடம் கொண்டுபோய் நீட்டுவார்கள். "அண்ணன் ஊர்ல இருந்து வாங்கியாந்தேன், தின்னு" என்பார்கள். முதலில் அண்ணன் என்றுதான் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவள் வாங்க மாட்டாள். வாங்கின பிறகுதான் விஷயமே. அந்தப் பொட்டலத்தைத் தையல் லைனில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தாள் என்றால் அவன் கடைசி வரைக்கும் அண்ணன்தான். பிரிக்காமல் பைக்குள் வைத்து ரூமுக்குக் கொண்டுபோனாள் என்றால் அவன் அண்ணன் இல்லை. லைனே அந்தப் பொட்டலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், மிஷின் எல்லாம் நின்றுவிடும். நீங்கள்தான் சூப்பர்வைசராக வந்து, "என்னங்கடி வேடிக்கை?" என்று சத்தம் போடுவீர்கள். ஒருதரம் நீங்களே பொட்டலத்தைப் பிடுங்கி எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டீர்கள். அந்தப் பையன் அன்றைக்கே வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். ஒரு கல்யாணத்தையே நிறுத்தினீர்கள் அக்கா, உங்களுக்கு அது தெரியாது.

இனி அந்த அம்பு. நான் ஒட்டவில்லை. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். என் பிள்ளை மேல் சத்தியமாக நான் ஒட்டவில்லை.

யார் ஒட்டியது என்று கேட்காதீர்கள்.

உங்கள்
ராமுத்தாய்


ராயபுரம், திருப்பூர்
16-9-2024

ராமுத்தாய்க்கு,

சீனிச்சேவு விளக்கத்தைப் பிரியா படித்துவிட்டுக் குதித்தாள். அப்படியே எழுத்து மாறாமல் தாளில் போடப் போகிறாளாம். பொட்டலத்தை நான் பிடுங்கியது வரைக்கும் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

யார் ஒட்டியது என்று கேட்காதே என்கிறாய். அப்படியானால் உனக்குத் தெரியும். இதை நீ எழுதாமலே இருந்திருக்கலாம். உனக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

என் தம்பி குமாரவேலுக்குத் தாராபுரத்தில் பெண் பார்க்கப் போகிற நாள் அது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கம்பெனியில் இருந்து நேராகப் பஸ் ஏறுவதாக இருந்தேன். கட்டிக்கொள்ளப் பையில் நெகமம் சேலை வைத்திருந்தேன், வெங்காயத் தோல் நிறம். பையில் கிடந்து அது கசங்கிப்போயிருந்தது. உன்னிடம்தான் கொடுத்தேன். நீ வெளியே தள்ளுவண்டிக்காரரிடம் தேய்த்து வாங்கி வந்ததாகச் சொன்னாய். பாத்ரூமில் நின்று அவசரமாகக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். நீ என் பின்னாலேயே வந்தாய். "நீ எங்க போற?" என்று கேட்டேன். "சும்மா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும்" என்றாய். உனக்கு லீவும் கிடையாது ஒன்றும் கிடையாது. வழியில் திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். சிரித்தாய். நான் பார்த்தேன்.

தாராபுரத்தில் பெண் வீட்டுக்காரர்கள் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, காப்பித் தட்டை எடுக்கக் குனிந்தேன். பெண்ணின் தாய்மாமன் திருப்பூரில் டெய்லராம், கம்பெனி ஆள். அந்த மனிதர் பின்னால் இருந்து கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, அங்கென்ன டேமேஜுங்க?"

எங்கே ஒட்டியிருந்தது என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. இடுப்புக்குக் கீழே, பெரிய இடத்தில். கல்யாணப் பெண்ணே சிரித்தாள். அவள்தான் இன்றைக்கு என் தம்பி பெண்டாட்டி அனுசுயா. அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்காக அவள் கையால் இரண்டு தீபாவளிக்குப் பலகாரம் வாங்கித் தின்னாமல் இருந்தேன்.

அந்த மாமன் திருப்பூர் வந்து டீ குடிக்கிற பேக்கரி பேக்கரியாகச் சொல்லியிருக்கிறார். நம் கம்பெனி வாசலிலேயே என் காதுபட ஒருவன், "மருதம்மா வருது, மருதம்மா வருது" என்றான். இப்போது பேர் மட்டும் நிற்கிறது, ஆள் யாரென்று பேத்திக்கே தெரியவில்லை.

ஆகையால் ராமுத்தாய், உனக்குத் தெரிந்த பேரை எழுது. எழுதாவிட்டால் 'மருதம்மா' கார்டுக்கு விளக்கம் நானே சொல்லி, ஒட்டியவள் சாத்தூர் ராமுத்தாய் என்று அச்சில் போடச் சொல்வேன். பெங்களூர் வரைக்கும் படிப்பார்கள்.

மருதம்மாள்

பி.கு.: நேற்று பிரியாவின் சிநேகிதிகள் வந்து கூடத்தில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தார்கள். கேள்விச் சீட்டில், 'மாமியார் வந்தால் என் புருஷன் ______' என்று இருந்தது. ஒருத்தி 'பையர் விசிட்' என்ற சீட்டைப் போட்டாள். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வருகிற அன்றைக்கு மட்டும் கம்பெனியில் பாத்ரூமில் சோப்பு இருக்கும், தண்ணீர் வரும், மேனேஜர் எல்லோரையும் வாங்க போங்க என்பார், அப்படி இருப்பவன் என்று நான் கதவோரம் நின்று விளக்கம் சொன்னேன். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. ஆனாலும் அந்த ஆட்டத்தில் 'மருதம்மா' போட்டவள்தான் ஜெயித்தாள். அதற்கு அடுத்ததிலும் அதுதான். எந்தக் கேள்விக்குப் போட்டாலும் அதுவே ஜெயிக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.


சாத்தூர்
25-9-2024

அன்புள்ள மருதக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தவசியிடம் காட்டிவிட்டேன். காட்டக் கூடாது என்றுதான் நினைத்தேன். இரண்டு தரம் படித்தான். "எழுதிரு யக்கா, இனி யாரு என்ன செய்யப்போறா?" என்றான். அவன் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

யாரும் ஒட்டவில்லை அக்கா.

அன்றைக்கு நீங்கள் சேலையைக் கொடுத்தீர்களா, நான் வெளியே ஓடினேன். தள்ளுவண்டிக்காரர் வரவில்லை. உங்களுக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிறது, பெண் பார்க்கப் போகிறவர் கசங்கின சேலையோடு போய் நிற்பதா? நேராக அயர்ன் செக்‌ஷனுக்குப் போய்த் தவசியிடம் நீட்டினேன். அவன் முதலாளி வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே மடித்துப்போட்டு ஸ்டீம் விட்டான். அந்த டேபிளில் செக்கிங்கில் இருந்து திரும்பி வந்த பீஸ்கள் கிடந்தன. அதில் ஏதோ ஒன்றில் இருந்து கழன்ற அம்பு உங்கள் சேலை மடிப்புக்குள் போயிருக்கிறது. அவன் பார்க்கவில்லை. சூட்டில் அது துணியோடு துணியாக ஒட்டிக்கொண்டது.

நீங்கள் கட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்த பிறகுதான் நான் பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால், "எங்கடி தேச்சே?" என்று கேட்பீர்கள். கம்பெனி டேபிளில் சொந்தத் துணி போட்டால் அன்றைக்கே வேலை போகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது யார்? நீங்கள்தான். ஒரு பையன் தன் வேட்டியைத் தேய்த்ததற்கு நீங்கள் நேராக ஆபீஸுக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். தவசி வேலைக்குச் சேர்ந்த புதிது. அவன் சம்பளத்தில்தான் ஊரில் எங்கள் ஐயாவுக்கு மருந்து.

பிய்த்துவிடலாம் என்றால் இருக்கிற இடம் அப்படி. ஷிப்ட் மாறுகிற நேரம், ரோடெல்லாம் ஆம்பிளைகள். அதனால்தான் என் டிபன் பையை அந்த இடத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உங்கள் பின்னாலேயே வந்தேன். நீங்கள் வேகமாக நடந்தால் நானும் வேகமாக, நீங்கள் நின்றால் நானும் நின்று. என் அரை நாள் சம்பளம் போனது. பஸ்ஸில் உட்காரும்போது தானாகக் கழன்று விழுந்துவிடும் என்று நம்பித்தான் விட்டேன்.

சிரித்தேனா என்று கேட்டால், அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது. கொஞ்சம் சிரித்தேன்.

மறுநாள் நீங்கள் வந்து எல்லோர் முன்னாலும் கேட்டபோது, தவசி உங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். நான் என்ன சொல்ல முடியும்?

இப்போது அவனுக்குச் சொந்தத் தேய்ப்புக் கடை. யாரும் வேலையை விட்டு நிறுத்த முடியாது. அச்சில் போடுவதானால் அவன் பேரையும் போட வேண்டுமாம். "அக்கா பேரு போட்டு எம்பேரு போடலைன்னா எப்படி, அயர்ன் போட்டது நானுல்ல?" என்று சண்டைக்கு வருகிறான்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ராமுத்தாய்


ராயபுரம், திருப்பூர்
6-10-2024

ராமுத்தாய்க்கு,

நான் நம்பவில்லை. நம்பாமல்தான் பெட்டியைத் திறந்தேன்.

அந்தச் சேலையை நான் தூக்கி எறியவில்லை. துவைக்கவும் இல்லை. தாராபுரத்தில் இருந்து வந்த அன்று அம்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சுருட்டி டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். அதற்குப் பிறகு அதைப் பிரித்ததே இல்லை. பார்த்தால் மறுபடி கோபம் வரும் என்று அல்ல, கோபம் குறைந்துவிடும் என்றுதான் வைத்திருந்தேன்.

பிரியாவை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, வெளிச்சத்தில் பிரித்தேன். அம்பு இருந்த இடத்தில் பசை மஞ்சளாகக் காய்ந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு மடிப்புத் தள்ளி, எதிர்ப்பக்கத்தில் இன்னோர் அம்பு. ஸ்டிக்கர் இல்லை, அதன் சிவப்புச் சாயம் மட்டும் திருப்பிப் போட்ட மாதிரி இறங்கியிருக்கிறது. நடக்கும்போது யாராவது முதுகில் ஒட்டியிருந்தால் ஒரு பக்கம்தான் கறை இருக்கும். மடித்துச் சூடு காட்டினால்தான் இரண்டு பக்கமும் ஏறும். ஆயுசு முழுக்கச் செக்கிங் மேசையில் நின்றவள் நான். அடுத்தவர்கள் துணியை எல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், என் சேலையை மட்டும் பார்க்கவில்லை.

"அந்த மருதம்மா நீங்கதானுங்களா?" என்றாள் பிரியா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கார்டை எடுத்துர்றேனுங்க அம்மாயி" என்றாள்.

நான் சேலையை மடித்து வைத்தேன். மறுநாள் அனுசுயா வந்திருந்தாள். அவளிடம் கேட்டேன்: "அன்னைக்கு எதுக்கு அம்மிணி சிரிச்சே?" இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

அவள் சொன்னாள்: "தல குனிஞ்சே உக்காந்திருந்தனுங்களா, நிமுந்து பாத்தா அத்தன பேரும் என்னை வெறைச்சுப் பாக்கறாங்க. அழுகையே வந்துருச்சுங்க. அப்பத்தான் நீங்க குனிஞ்சீங்க. இந்த ஊட்டுக்குப் போனாச் சிரிச்சுட்டாச்சும் இருக்கலாம்னு மனசுக்குள்ள பட்டுதுங்க. மாமன் கேட்டப்ப உடனே செரின்னுட்டேன்."

என் தம்பி கல்யாணம் நடந்ததே அந்த அம்பால்தான் என்றால் நான் என்ன செய்ய?

சீட்டை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கத்தை நானே சொன்னேன், அவள் எழுதினாள். உனக்கும் எழுதுகிறேன்: 'மருதம்மா: துணியில் தப்பைக் காட்டுகிற அம்பைத் தன் முதுகில் சுமந்துகொண்டு, அது தெரியாமல் நிமிர்ந்து நடக்கிற ஆள். திருப்பூரில் நிஜமாகவே ஒருத்தி இருக்கிறாள். இப்போதும் நிமிர்ந்துதான் நடக்கிறாள். அயர்ன் போட்டது தவசி.'

உன் பேர் இல்லை. வேண்டுமென்றால் சொல், போடச் சொல்கிறேன்.

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. எங்கே தேய்த்தாய் என்று கேட்டுவிட்டுத் தவசியை ஆபீஸில் சொல்லியிருப்பேனா என்று நாலு நாளாக யோசிக்கிறேன். சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அதனால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இப்போதைக்குத் தள்ளுவண்டிக்காரர் மேல் வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவர் ஏன் வரவில்லை?

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டி வந்துவிடும். முதல் ஆட்டம் எங்கள் வீட்டில்தான். வருவதானால் வா. சாப்பாடு போடுவேன், படுக்க இடம் கொடுப்பேன். பேச மாட்டேன். சத்தியம் சத்தியம்தான்.

மருதம்மாள்


சாத்தூர்
9-11-2024

அன்புள்ள மருதக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். முழங்காலும் வந்து சேர்ந்தது.

நீங்கள் சொன்ன சொல் தப்பவில்லை. கதவைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "பிரியா, வந்தவங்களுக்குத் தண்ணி குடு" என்றீர்கள். சோறு வைக்கும்போது, "பிரியா, இன்னுங் கொஞ்சம் கொழம்பு வேணுமான்னு கேளு" என்றீர்கள். அந்தப் பிள்ளை நம் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரியாக அலைந்தது. ஆனால் கொள்ளும் சோறும் நீங்களே பிசைந்து வைத்திருந்தீர்கள், நான் கம்பெனி டிபனில் கேட்டு வாங்கித் தின்பேனே, அதே பக்குவத்தில்.

அப்புறம் விளையாட்டு. ஜட்ஜ் முறை உங்களுக்கு வந்தது. கேள்விச் சீட்டைப் படித்தீர்கள்: 'பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பின்னாலேயே வந்தது ______.' அதைப் பிரியா நமக்காகவே அச்சடித்திருக்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

ஒருத்தி 'பையர் விசிட்' போட்டாள். ஒருத்தி 'ஒன்றரை ஷிப்ட்'. அனுசுயா போட்டது 'மருதம்மா' சீட்டு. நான் 'சீனிச்சேவு அண்ணன்' போட்டேன். ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துவிட்டு, என்னுடையதில் நின்றீர்கள். உங்கள் உதடு துடித்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள் அக்கா. நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "இதுதான் செயிச்சுது. ஆரு போட்டது?" என்றீர்கள்.

"நாந்தேன் யக்கா."

"நீயா? நீ இன்னும் திருந்தலையாடி?"

எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் வாயில் கை வைத்தீர்கள். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, "வெளையாட்டுல பேசறது பேச்சுல சேத்தி இல்ல" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். ஜட்ஜ் நீங்கள், யார் எதிர்த்துப் பேசுவது? அதற்குப் பிறகு ஆட்டம் முடிய விடவே இல்லையே! ஒரு சீட்டுப் போடுவதற்குள் நமக்குள் ஒரு கம்பெனிக் கதை. பிள்ளைகள் தூங்கப் போன பிறகும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசினோம். சீட்டைக் கீழே வைத்தால் சத்தியம் வந்துவிடும் என்று நீங்கள் வைக்கவே இல்லை.

இப்போது நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

மறுநாள் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தீர்கள். கையில் சீட்டு இல்லை, அதனால் பேசவில்லை. என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினீர்கள். பாசத்தில் தட்டுகிறார் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கினேன், டவுன் பஸ்ஸில் பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மாட்டுத்தாவணியில் ஒரு கண்டக்டர், "பாட்டி, என்ன எடம் காட்டுது?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாத்தூரில் தவசி கடை வாசலில் போய்த் திரும்பி நின்றேன் அக்கா, அவன் அயர்ன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. தெருவே கூடிவிட்டது.

முதுகு நடுவில் சிவப்பு அம்பு. கீழே பார்த்த மாதிரி.

ஊருக்குப் போகும்போது கட்டினது, வரும்போது கட்டினது, எல்லாம் தவசி தேய்த்து மடித்துக் கொடுத்த சேலைதான். அதில் ஒன்றுமே இல்லை, நான் பார்த்துத்தான் கட்டினேன். சொல்லுங்கள் அக்கா, இதை ஒட்டியது யார்? உங்கள் கையால் எழுதுங்கள். எழுதிவிட்டால் போதும்.

ராமுத்தாய்


ராயபுரம், திருப்பூர்
15-11-2024

அன்புள்ள ராமுத்தாய்க்கு,

நீ எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அயர்ன் போடும்போது ஒட்டியிருக்கும். தவசியைக் கேள்.

பொங்கல் லீவு முடிந்து அவன் இந்தப் பக்கம் வந்தால், ஒரு பொட்டலம் சீனிச்சேவு கொடுத்துவிடு. பிரித்து யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

உன்
மருதக்கா